இடது கன்னம்

1934 மார்ச் 4, ஞாயிறு. கூலாய், ஜோகூர்.

காலையில் மழை. பாசார் சந்தையில் வெண்டைக்காய் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் இன்று வாங்கியிருக்கக் கூடாத காய் அது என்று உறைத்தது.

நேற்று புஷ்பவள்ளியைப் பெண் பார்க்கக் குளுவாங்கிலிருந்து வந்திருந்தார்கள். காப்பி குடித்துவிட்டுப் படியிறங்கும்போது மாப்பிள்ளையின் சித்தி கூட வந்தவளிடம் சொன்னாள்: "குணமெல்லாம் சரிதான். முகந்தான் கொஞ்சம் முத்திப்போச்சு." மெதுவாகப் பேசுவதாக அவள் எண்ணம். சன்னலுக்கு உள்பக்கம் என் மகள் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது.

என் மனைவி ராஜம்மா வெண்டைக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அரிவாள்மணையை இழுத்துப் போட்டு அரிந்தாள். மகள் சாப்பிட வரவில்லை.

மார்ச் 9, வெள்ளி.

கூடத்துக் கண்ணாடி முன் நின்று கூப்பிட்டாள். "அப்பா, நான் சிரிக்கிறப்ப வாய்க்கு ரெண்டு பக்கமும் கோடு விழுதா?"

இல்லை என்றேன். பொய் சொல்லிவிட்டோமே என்று உடனே, "கொஞ்சம்" என்றேன். இரண்டில் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். எதோடு?

அதிலிருந்து அவள் சிரிப்பதில்லை. கோடு ஆழமாகிவிடுமாம்.

மார்ச் 18, ஞாயிறு.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருக்கிறாளாம். மெழுகை உருக்கி ஊசியால் தோலுக்கு அடியில் ஏற்றிக் கோடுகளை நிரப்பிவிடுவாளாம். பத்திரிகையில் வந்த விளம்பரத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாள் புஷ்பவள்ளி. "ஒரு தரம் போலாமா அப்பா?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன். ரப்பர் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே பெரிய கிராணியாக இருந்த காலமெல்லாம் துரை கேட்டாலும் ஆட்கள் கேட்டாலும் இந்த ஒரே சொல்லைச் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் மெழுகு! இந்த ஊர் வெயிலில், அடுப்படியில் நிற்கையில் அது இளகாதா? இளகினால் எங்கே போய் இறங்கும்? கேட்கத் துணிவில்லை. மெட்ரிகுலேஷன் படித்தவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. கேட்டால் அதுவும் போய்விடும்.

முதலில் முகக்களிம்பு, அதற்கும் கோடு போகாவிட்டால் சித்திரை கழிந்ததும் சிங்கப்பூர். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் ராஜம்மா. நான் தலையசைத்தேன்.

மார்ச் 21, புதன்.

மீரா சாகிபு கடையில் அத்தரிலிருந்து ஆணி வரை கிடைக்கும். களிம்பும் இருந்தது. டப்பியின் மேல் ஒரு வெள்ளைக்காரி கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கிறாள். அவளுக்குக் கோடே இல்லை. படந்தானே.

"யாருக்கு கிராணியாரே?" என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். மகளுக்கு என்றால் அவள் முகத்தில் என்ன என்ற பேச்சு விடிவதற்குள் ரயிலேறிப் பாலோ ஊர் வரை போகும். வாய் தானாகவே, "எனக்குத்தான்" என்றது.

சாகிபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராஜம்மா தங்கச்சிக்குத் தெரியுமா?" கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 23, வெள்ளி.

புஷ்பவள்ளியிடம் களிம்பு அடுத்த கப்பலில்தான் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். இதுவும் பொய்தான். ஆனால் எதை அரைத்து இந்தக் களிம்பைச் செய்தார்கள் என்று எப்படித் தெரியும்? முகர்ந்தால் முதலில் ரோஜா, அடியில் ஆஸ்பத்திரி. தெரியாத பொருளைப் பெற்ற பெண் முகத்தில் பூச விடுவதா? முதலில் நானே பூசிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இடது கன்னத்தில் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வலது கன்னம் இருந்தபடியே இருக்கட்டும்.

மார்ச் 30, வெள்ளி.

இடது கன்னத்தில் லேசாக எரிச்சல். வேலை செய்கிறது போலும்.

ஏப்ரல் 5, வியாழன்.

கண்ணின் ஓரத்துச் சுருக்கம் சற்றுக் குறைந்திருக்கிறதோ? அல்லது குறைய வேண்டும் என்று எனக்கு ஆசையோ? இந்த வயதில் சுருக்கம் குறைந்து நான் எங்கே போகப் போகிறேன்? ஆனாலும் இன்று நாலைந்து தடவை கண்ணாடியைப் பார்த்துவிட்டேன். ஒருமுறை அங்கே புஷ்பவள்ளி நின்றிருந்தாள். "நீங்க முடிச்சிடுங்கப்பா" என்று விலகிக்கொண்டாள்.

ஏப்ரல் 14, சனி.

நேற்று வருஷப் பிறப்பு. தலைமுழுகித் துண்டால் துடைத்தபோது இடது கன்னத்தில் தோல் கழன்று வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வலது கன்னம் எப்போதும் போல என் கறுப்பு. ராஜம்மாவும் மகளும் பதறினார்கள். சவரக் கத்தி பட்டுவிட்டது என்றேன். கத்தி அவ்வளவு அகலமா என்று ராஜம்மா கேட்டாள்.

டப்பியைப் பரண்மேல் தகரப் பெட்டிக்குள் போட்டேன். நல்லவேளை, மகள் முகத்தில் பூசவில்லை.

சாயங்காலம் தரகர் சபாபதி வந்தார். பாலோவில் ஒரு தோட்டத்துக் கிராணியாம், பெயர் மனோகரன், நல்ல இடம், அடுத்த ஞாயிறு வருகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்றேன். "பொண்ணுக்கு வயசு தள்ளிப் போகுமா அண்ணே?" என்றார் அந்தப் பாவி. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

ஏப்ரல் 22, ஞாயிறு.

வந்தார்கள். மாப்பிள்ளை அடக்கமானவர். முகத்தில் அம்மை வடு. பேச்சையெல்லாம் அவருடைய அக்காவே பார்த்துக்கொண்டாள். நான் இடது பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி நாற்காலி போட்டிருந்தேன். அந்த அம்மாளோ காற்று வரும் என்று என் இடப்பக்கச் சுவரோரமாகவே வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம் காட்டித் திரும்பியதில், என் கண் பின்பக்கச் சன்னலுக்கு வெளியே மாமரத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் சம்பளம், குலம், பூர்வீகம் எல்லாவற்றையும் அந்த மரத்திடமே விசாரித்தேன்.

புஷ்பவள்ளி வந்து நமஸ்கரித்தாள். சிரிக்காமல்தான். ஆனால் மாப்பிள்ளை காப்பியை அவசரமாகக் குடித்துப் புரையேறியபோது பாவம், சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 26, வியாழன்.

சபாபதி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல சேதி என்றால் சாய்ந்து உட்காருவார்.

"பொண்ணு லட்சணமா, இளசா இருக்குன்னு அந்த அம்மாவே சொல்றாங்க. அதுல ஒரு பேச்சும் இல்ல." நிறுத்தினார். "உங்களுக்கு அது என்னங்க அண்ணே, கன்னத்துல? வெண்குஷ்டமான்னு கேக்குறாங்க. பரம்பரைல ஓடுமாமே. நீங்க வேற மறைச்சு மறைச்சு உக்காந்தீங்களாம்."

களிம்பு என்று சொல்லிவிட வாயெடுத்தேன். உனக்கெதற்குக் களிம்பு என்பார். மகளுக்கு வாங்கினேன் என்றால், இருபத்து நாலு வயதில் அவளுக்கு எதற்கு என்பார். அதைச் சொன்னால் பெண்ணுக்குக் குறை, சொல்லாவிட்டால் குடும்பத்துக்கே நோய். இரண்டில் எது மேல்? தோட்டத்தில் இப்படிப்பட்ட கேள்வியைத் துரையிடம் அனுப்பிவிடுவேன்.

"பார்க்கலாம்" என்றேன். "என்னத்தப் பாக்குறது?" என்று எழுந்து போனார்.

ஆக, முகத்தால்தான் நின்றது. என் முகத்தால்.

ஏப்ரல் 27, வெள்ளி.

சொல்லிவிட்டேன். பரணிலிருந்து டப்பியை எடுத்து வந்து புஷ்பவள்ளி முன் வைத்து, கப்பல் பொய்யிலிருந்து சபாபதி கேட்டது வரை எல்லாவற்றையும். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் தகும்.

என்னைச் சன்னலடிக்கு இழுத்துப் போனாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"சுருக்கம் போகவே இல்லையேப்பா. நெறந்தான் போயிருக்கு."

"அதைத்தான் நானும் கவனித்தேன்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். அடக்க அடக்க வந்தது. வாயின் இரு பக்கமும் கோடு விழுந்தது. அதை அவள் நினைக்கவில்லை. நான் பார்த்தேன். பிறகு அழுதாள். "எனக்கு வர வேண்டியது" என்றாள்.

சாயங்காலம் கண்ணாடிச் சட்டத்தில் அந்த விளம்பரம் இல்லை. கிழித்தாளா, எடுத்து வைத்திருக்கிறாளா? கேட்கவில்லை.

மே 6, ஞாயிறு.

ஊரில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மைனர் கிராணி. மீரா சாகிபு கடையைக் கடக்கும்போது அவரே, "வலது பக்கத்தையும் பூசிட்டா கணக்கு நேராயிடும், வர்றீங்களா?" என்று கூப்பிடுகிறார்.

இதில் என்னை வருத்துவது கேலியல்ல. ஒரு கணம் அதை யோசித்துப் பார்த்தேன்.

மே 13, ஞாயிறு.

மனோகரன் தனியாக வந்தார். ரயிலை விட்டிறங்கி நேராக வருகிறாராம். அக்காவுக்குத் தெரியாதாம். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாலோவரை செய்தி வந்துவிட்டதாம்: கூலாய்க் கிராணிக்கு நோயெல்லாம் இல்லை, கிழவர் மினுக்கக் களிம்பு பூசினார் என்று. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் மாமரத்தைப் பார்த்தேன்.

"அந்தக் களிம்பு..." என்றார். "அது இந்த அம்மைத் தழும்புக்கு ஆகுமாங்க?"

நான் பதில் தேடுவதற்குள் புஷ்பவள்ளி கூடத்துக்கு வந்துவிட்டாள். பெண் பார்த்துவிட்டுப் போன வரன் முன்னால், அழைக்காமல், தலைவாராமல். ராஜம்மா கதவுக்குப் பின்னாலிருந்து 'அடியே' என்பது எனக்குக் கேட்டது.

"வாங்கிடாதீங்க" என்றாள். "அது எனக்காக வாங்குனது. என் மூஞ்சி முத்திப்போச்சுன்னு சொன்னாங்க. அப்பா முதல்ல தன்மேல பூசிப் பாத்தாங்க. அதான் இப்படி."

முடிந்தது என்று நினைத்தேன். குறை, நோய், பொய் மூன்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள்.

மனோகரன் என் இடது கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவளை. "எங்க வீட்ல எனக்காக யாரும் பூசிப் பாக்க மாட்டாங்க" என்றார். அவள் சிரித்தாள். அவர் அந்தக் கோடுகளைப் பார்த்தாரா என்று நான் கவனித்தேன். பார்த்தார். மறுபடியும் பார்க்கவே ஆசைப்பட்டவர் போலத்தான் இருந்தது. நான் தப்பாகவும் கணித்திருக்கலாம்.

மே 24, வியாழன்.

சபாபதி வந்தார். சாய்ந்து உட்கார்ந்தார்.

செப்டம்பர் 2, ஞாயிறு.

கல்யாணம் முடிந்து இன்று ஜோகூர் பாருவில் ஒரு ஜப்பான்காரர் கடையில் குடும்பப் படம். களிம்பு மிச்சத்தை ராஜம்மா பாதத்தில் தடவிக்கொள்கிறாளாம், வெடிப்புக்கு அதைப் போல மருந்தே கிடையாது என்கிறாள். ரயிலில் மாப்பிள்ளையின் அக்காவுக்கும் சிபாரிசு செய்தாள்.

நான் நடுவில் நாற்காலியில். உட்கார்ந்ததும் என்னை அறியாமல் முகம் வலப்பக்கம் காட்டித் திரும்பிக்கொண்டது. பின்னால் நின்ற புஷ்பவள்ளி குனிந்து மோவாயைப் பிடித்து நேராகத் திருப்பினாள். "அந்தப் படப்பெட்டியப் பாருங்கப்பா."

படம் எடுத்த பிறகு ஜப்பான்காரர் உடைந்த மலாயில், முகங்களைத் திருத்தட்டுமா என்று கேட்டார். படம் விழுந்த கண்ணாடித் தட்டில் ஊசியால் சுரண்டி, மை தொட்டு, கோடு, வடு, வெள்ளை எதுவானாலும் எடுத்துவிடுவாராம். எல்லா வீட்டாரும் கேட்டுச் செய்துகொள்கிறார்களாம். மாப்பிள்ளை தன் மனைவியைப் பார்த்தார். நான் "பார்க்கலாம்" என்று தொடங்கினேன்.

"வேணாங்க" என்றாள் புஷ்பவள்ளி. "எல்லாருக்கும் இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவள் முகத்துக்கு அவள் சொன்னது சரிதான். மாப்பிள்ளையும் சந்தோஷமாகத் தலையாட்டினார். என் கன்னத்தைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.