துறைமுகச் சுவரும் எவந்தியா அக்காவின் உயரமும்

லோவெல், 11 ஜனவரி 1944, செவ்வாய்

இருபது வருடம் அமெரிக்கர்களுக்குத் தட்டு கழுவி, முட்டை பொரித்துப் போட்டும் கிடைக்காத மரியாதை, தோளில் ஒரு வெள்ளிப் பட்டை ஏறியதும் கிடைத்துவிட்டது. ராணுவ உளவுத்துறை லெப்டினன்ட் பாண்டெலிஸ் விரெட்டோஸ். கர்னல் ஹார்டிங்கின் வாய்க்கு அது பெரிய கவளம். "பீட்டர்" என்று சுருக்கிவிட்டார்.

உளவு என்றதும் என் மனைவி தெஸ்போ துப்பாக்கி, ஒட்டுமீசை என்று ஏதேதோ நினைத்துக்கொண்டாள். உண்மையில் நான் செய்வது லோவெல் கிரேக்கர்களின் வீடு வீடாகப் போய்ப் பழைய புகைப்படங்கள் வாங்குவது. இப்போது ஜெர்மானியர் பிடியில் இருக்கும் எங்கள் ஊரில் எடுத்த படத்தில் பாலமோ துறைமுகமோ தெரிந்தால் போதும், ராணுவத்துக்கு வேண்டும். ஆனால் எல்லாப் பாலத்தையும் மறைத்துக்கொண்டு ஒரு தடித்த மாமா நிற்கிறார்.

13 ஜனவரி

இன்றும் மாமாக்கள்தான். ஏழு பேர்.

16 ஜனவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது! ரொட்டிக்கடை லூக்காஸின் மனைவி எவந்தியா அக்காவின் பெட்டியில் இருந்தது. 1913இல், இங்கே இருந்த மாப்பிள்ளை லூக்காஸுக்கு அனுப்புவதற்காகத் தீவில் எடுத்த படம். எங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே படத்தைப் பார்த்து நடந்ததுதான். துறைமுகச் சுவரை ஒட்டி, தரை கூட்டும் பாவாடையில் நிற்கிறாள். அந்தச் சுவருக்குப் பின்னால் இப்போது ஜெர்மானியர்களின் எண்ணெய்க் கிடங்கு. அதைக் கொளுத்த எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் ஏற வேண்டும். ஏணி எத்தனை அடி என்றுதான் கர்னல் ஒரு மாதமாக என் உயிரை எடுக்கிறார்.

படத்தில் சுவர் சரியாக மூன்று எவந்தியா உயரம். அக்காவைச் சமையலறைக் கதவோடு நிற்க வைத்து அளந்தேன். ஐந்தடி. எதற்கென்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

லூக்காஸுக்கு ஒரே சிரிப்பு. "படத்துல குதிரை மாதிரி நின்னாடா. கப்பல்லேர்ந்து எறங்கினது கோழி!"

"மூணு வாரம் கப்பல்ல பட்டினி போட்டா யாருதான்யா சுருங்க மாட்டாங்க?" என்றாள் அக்கா.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். உளவு அதிகாரியாம்!

17 ஜனவரி

அறிக்கை போய்விட்டது: சுவர் பதினைந்தடி. ஆட்கள் கிளம்பப்போகும் கெய்ரோவில் பதினாறடி ஏணி செய்யச் சொல்லிவிட்டார்கள். கர்னல் முதுகில் தட்டினார்.

19 ஜனவரி

சாப்பிடும்போது குதிரை, கோழிக் கதையைத் தெஸ்போவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ எனக்கு அனுப்பின படத்துல தங்கச் சங்கிலியோட ஒரு கடிகாரம் தொங்குச்சே, அது யாருது?"

"படம் எடுக்கறவனோடது."

"அப்ப அவ மட்டும் எதுக்கு நெஜமா நிக்கணும்? எதாவது மேல ஏறித்தான் நிப்போம். பாவாடை பின்ன எதுக்கு இருக்கு?"

அக்கா ஏறி நின்றிருந்தால் சுவரும் உயர்ந்துவிடும். ஏணி எட்டாது. அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் என்னோடு ஒரே தொட்டியில் தட்டு கழுவியவர்கள்.

20 ஜனவரி

அக்காவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். மாதாவின் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். "தரையிலதான் நின்னேன் தம்பி."

முப்பது வருடப் பொய் அவ்வளவு சுலபத்தில் இறங்காது. இல்லை, ஒருவேளை உண்மையே சொல்கிறாளோ? எனக்குப் பயமாக இருக்கிறது. ஐயோ, எட்டு பேருடா பாண்டெலிஸ்!

21 ஜனவரி

செய்துவிட்டேன். ஜெர்மன் கைதிகளை விசாரிக்கக் கற்றுக்கொடுத்த தந்திரம் அது. இருந்ததா என்று கேட்காதே, எது இருந்தது என்று கேள்.

காலையில் ரொட்டிக்கடை. கல்லாவில் அக்கா, அடுப்படியில் லூக்காஸ், ரொட்டிக்கு நிற்கும் மூன்று பேர். வேண்டுமென்றே உரக்கக் கேட்டேன்: "அக்கா, காலுக்கடியில வச்சது மீன் பெட்டிதானே?"

"மீன் பெட்டியா? என்னைப் பாத்தா மீன் பெட்டி மேல ஏறி நிக்கறவ மாதிரியா இருக்கு? சோப்புப் பெட்டிடா, புதுசு!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். லூக்காஸ் கை நிறைய மாவோடு வந்து நின்றார்.

"முப்பது வருஷமா அந்தக் கப்பல்காரனைத் திட்டிட்டிருக்கேனேடி."

பிறகு அவரே உள்ளே போய் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கி வந்தார். தீவுச் சோப்பு அன்றிலிருந்து போர் வந்து நின்றுபோகும்வரை அதே பெட்டியில்தான் வந்ததாம். அளந்தேன். ஓரடி. படத்தில் நிற்பது ஐந்தடி அக்கா அல்ல, ஆறடி.

"வெளிய போடா," என்றாள் அக்கா. அவள் அழுததை நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

22 ஜனவரி

கர்னலிடம், சுவர் பதினைந்தல்ல, பதினெட்டு அடி என்றேன்.

"ஒரு கிழவி பாவாடைக்குள்ள இருந்த பெட்டிக்காக ஏணியை மாத்தணுமா பீட்டர்? பத்து நாள் தள்ளிப்போகும். நீ சொல்றது தப்பா இருந்தா மறுபடி முட்டை பொரிக்கத்தான் போகணும்."

"நல்லாவே பொரிப்பேன் சார்," என்று சொல்லித் திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

6 பிப்ரவரி

தகவல் இல்லை. தூக்கமும் இல்லை.

19 பிப்ரவரி

கெய்ரோவிலிருந்து தந்தி. எட்டுப் பேர் ஏறினார்கள், எட்டுப் பேரும் திரும்பினார்கள். கிடங்கு இரண்டு நாள் எரிந்ததாம். சுவர் பதினெட்டு அடிக்கு ஒரு சாண் குறைவு. மேலிடம் கர்னலின் "கூர்ந்த பார்வையை" மெச்சிக் கடிதம் எழுதியிருக்கிறது. எழுதட்டும். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

27 பிப்ரவரி, ஞாயிறு

நாளை ஈஸ்டர் நோன்பு தொடங்குகிறது. இன்று மாலைப் பூசை முடிந்து, நோன்புக்கு முன் எங்கள் வழக்கப்படி, கோயிலில் வரிசையாக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு நடந்தோம். லூக்காஸ் என்னைக் கட்டிக்கொண்டார். ஊரே அவர் மனைவியை "சோப்பு" என்று கூப்பிடுகிறதாம். கடைப்பக்கம் அவள் வந்தே ஒரு மாதமாகிறதாம்.

அடுத்தது அக்கா. தலை குனிந்தேன். "என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"கடவுள் மன்னிப்பாரு. அது அவரு வேலை." என் தோளில் இருந்த வெள்ளிப் பட்டையைப் பார்த்தாள். "எதுக்குடா கேட்ட? அதையாவது சொல்லு."

சொல்ல எனக்கு அனுமதியில்லை. "சும்மாதான் அக்கா," என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.