பொன்னாடைக்குப் பிறகு பேசியவள்

ஒத்தக்கடை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். மனசு விட்டுப்போயிற்று தாயி.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாடகம் காட்டி, பார்த்ததைப் பற்றிச் சொந்தமாகப் பேசப் பழக்குகிறேன் என்று பெருமையடித்தேனே, அது மண்ணாய்ப் போனது. எதைக் காட்டினாலும் 'மிக அருமை, நல்ல கருத்து' என்றுதான் எழுதுவார்கள். போன மாதம் முத்துச்செல்வி என்ற பிள்ளை வாய் திறந்தாள். காதலித்த மகளைத் தகப்பனே கொல்லும் நாடகம் அது. முடிந்ததும் கல்லூரி முதல்வர் இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார், அதற்கப்புறம் நான் பிள்ளைகளைப் பேசச் சொன்னேன். புத்தி கெட்ட வேலை. நம் ஊரில் பொன்னாடை விழுந்துவிட்டால் பிறகு பாராட்டு மட்டும்தானே பேசலாம், முன்பே பேசவிட்டிருக்க வேண்டும். அவள் எழுந்து, "செத்த பிள்ள ஒரு வார்த்த பேசலையே, கொன்ன அப்பன் மட்டும் அம்புட்டு நேரம் அழுதாரு, நாங்களும் அவருக்காக அழுதோம், அது எனக்குப் பிடிக்கல" என்றாள். இப்படி ஒரு பேச்சுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். முதல்வரோ விருந்தாளியை அவமதித்துவிட்டாள் என்று அங்கேயே மைக்கில் மன்னிப்புக் கேட்கவைத்தார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. இயக்குநர் மேடையில் பேசாமல் நின்றுவிட்டு, வெளியே வந்து, "பிள்ள சொன்னது சரிதாண்ணே" என்று என் காதோடு சொல்கிறார். என்ன பிரயோசனம்?

நேற்று முன்தினம் அடுத்த நாடகம். அதற்கு முதல் நாளே முத்துச்செல்வி தன் விமர்சனத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "நாளைக்கு எப்புடி இருந்தாலும் இதத்தான்யா எழுதப் போறேன், இப்பவே வாங்கிக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மிக அருமை என்றுதான் எழுதியிருந்தாள், ஒரு பிழை இல்லை. முழு மதிப்பெண் போட்டேன், வேறு என்ன செய்ய?

அம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே, இதைப் பற்றி அவளிடம் கேட்காதே, வீணாகக் கவலைப்படுவாள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அங்கே சொல்ல முடிந்தால் அங்கேயே இரு தாயி. ஊருக்கு வந்துவிடு என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகுமலை