பின்னாடி உரசுற சத்தம்

சனிக்கிழமை, ராத்திரி.

மாப்பிள்ளை வண்டிக்கு அகல டயர் போடச் சொன்னது நான்தான். ரிம்மோட ஆஃப்செட்டை மாத்தி, சக்கரம் பாடிக்கு வெளியே ரெண்டு விரல் தள்ளி நின்னாதான் அழகுன்னு நான் எடுத்துச் சொன்னதுல கடைக்காரனே வாயைப் பிளந்துட்டான். ஆவடி ஃபேக்டரியில டாங்கியையே உருட்டிப் பார்த்தவன் ஆச்சே நான். காலியா ஓட்டினப்ப வண்டி சிங்கம் மாதிரிதான் போச்சு.

இன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் ஏறினோம். குமணன்சாவடி கிட்ட ஒரு பள்ளத்துல இறங்கினதும் பின்னாடி கர்ருனு ஒரு சத்தம்.

"இன்னாப்பா அது?"ன்னு பொண்ணு கேட்டா.

"புது டயரும்மா. பழகுற வரைக்கும் பேசிக்கினுதான் இருக்கும்."

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு மாப்பிள்ளை சிரிச்சாரு.

வீட்டுக்கு வந்ததும் செருப்பு தேடுற மாதிரி குனிஞ்சு தடவிப் பார்த்தேன். ஆள் பாரத்துல வண்டி தழைஞ்சு, டயர் மட்கார்டுல உரசியிருக்கு. ஓரத்துல ரப்பரைச் சீவி எடுத்த மாதிரி இருக்கு. விடிஞ்சா பேத்தியோட வேளாங்கண்ணி கிளம்புறாங்க. ஹைவேல அவர் நூறுக்குக் குறைஞ்சு ஓட்ட மாட்டாரு. வெடிச்சா... எழுதக் கை வரல.

கூட இருந்து பார்த்துக்கலாம்னு நானும் வரேன்னு சொல்லிட்டேன். இப்பதான் உறைக்குது. நான் தொண்ணூறு கிலோ. உக்காரப் போறது பின் சீட்டுல, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே.

மாப்பிள்ளை ரூம்ல இன்னும் லைட் எரியுது. வண்டிய எடுக்காதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லணும். அந்த வார்த்தை இந்த வாயில இதுவரைக்கும் வந்ததில்ல. போய்க் கதவைத் தட்டுறேன்.