காத்தமுத்துவுக்குக் காய்ச்சல்

தென்னூர்
3-3-1986

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வமேரி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களே எழுதினால்தான் நம்புவேன்.

நம் தபால் ஆட்டப் பத்திரிகை ‘ஏழு மதில்’ நான்காம் வருஷத்தில் கால் வைத்துவிட்டது. நீங்கள் மஸ்கட் போனதும் பத்திரிகை நின்றுவிடும் என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்டென்சில் நானே அடிக்கிறேன். வாசகர்களின் கார்டுகளைப் பார்த்து, கோட்டைக்குள் எவருடைய ஆள் கதவை உடைக்கிறான், எவன் ஒளிகிறான் என்று குறித்து, தாயக்கட்டை உருட்டி, பிழைத்தானா செத்தானா என்று கதை எழுதுவதும் நான்தான். “தவக்காலத்துல தாயம் உருட்டுறியே, வெளங்குமா?” என்று அத்தை தினமும் திட்டுகிறார்கள். ஸ்ரீரங்கம் ரங்கசாமியின் திருடன் இன்னமும் “அடியேன் பூட்டை உடைக்கிறேன்” என்றுதான் எழுதுகிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டு இதழுக்குக் கார்டு வராவிட்டால் அந்த ஆள் செத்தான் என்பது நீங்கள் போட்ட விதி. நவம்பருக்குப் பிறகு ஆட்டத்தில் உங்கள் ஆள் காத்தமுத்து என்ன செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கும் கடிதம் இல்லை. பிப்ரவரி இதழில் அவனைக் கொன்றிருக்க வேண்டும், கை வரவில்லை. காய்ச்சல் கண்டு மூன்றாம் மதிலோரம் படுத்திருக்கிறான் என்று அடித்துவிட்டேன்.

உப்பிலியபுரம் ரெங்கராஜ் விடுவாரா? பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணனுக்கு மட்டும் தனிச் சட்டமாங்க? என் ஆளு செத்தப்ப யாரும் காய்ச்சல்னு சொல்லலையே!” என்று ஒரே சண்டை. காபி கொடுத்தேன். கிளம்பும்போது, “அண்ணன் கடுதாசி போடுறாங்களா அண்ணி?” என்று மெதுவாகக் கேட்டார். வாராவாரம் வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

போன வாரம் உங்களோடு மஸ்கட்டில் இருக்கும் நசுருதீன் லீவில் வந்தார். டிசம்பரிலேயே உங்கள் ஆபீஸை மூடிவிட்டார்களாம். கிடங்கில் மூட்டை தூக்குகிறீர்களாம். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறீர்களாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டைப் அடித்த விரல்கள் மூட்டை தூக்கினால் எனக்கு வலிக்கும், வெட்கமாக இருக்காது. இது தெரியாமலா இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினீர்கள்?

மார்ச் இதழில் காத்தமுத்துவுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஆட்டத்தில் ஒருவன் போனால் வேறு ஆளை எழுதிக்கொள்ளலாம். எனக்கு வேறு ஆள் இல்லை அத்தான். ‘வீட்டுக்குத் திரும்பி நடக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கு நான் தாயம் உருட்டமாட்டேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
செல்வமேரி