உன் மகள் பார்க்க வந்த மண்டபம்

போன ஞாயிற்றுக்கிழமை மல்லாபூரில் அந்த மண்டபத்துக்குள் காலை வைத்ததுமே வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. மணமேடைக்குப் புதிதாகச் செய்த மரத்தூண்களில் யாரோ பூசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது, கம்பி சுற்றி முடித்த மோட்டார் காயிலை நாம் வார்னிஷ் தொட்டியில் முக்கி எடுக்கும்போது வரும் வாசனையாகவே இருந்தது. திரும்பினால் நீ தலையில் துணி கட்டிக்கொண்டு நிற்பாய் என்று ஒரு நொடி தோன்றியது. நின்றது உன் மகள்.

ஃபேன் மோட்டாருக்கு நாம் கம்பி சுற்றிய ஷெட்தான் இப்போது கல்யாண மண்டபம். கூரையின் இரும்புச் சட்டங்களை அப்படியே விட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அவற்றில் சரவிளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாம் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் வெல்வெட் சோபாக்கள். பழைய மெஷின் ஒன்றைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

உன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பையன் பேகம்பேட்டில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன். "பெத்தம்மா, அம்மா கல்யாணம் நடந்த இடம் அது. என் கல்யாணமும் அங்கதான்" என்று போனில் சொல்லி என்னையும் கூட்டிப் போனாள். பெரியம்மா என்று கூப்பிட நீ எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தாய். தெலுங்குப் பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு நான் கடைசிவரை பெத்தம்மாதான்.

அந்தக் கல்யாணக் கதையை நீ சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். கம்பெனி கதவடைப்பு செய்து, நாமெல்லாம் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த சமயம். உனக்கும் நம் ஃபிட்டருக்கும் முன்னமே நிச்சயமாகியிருந்தது. தள்ளிப்போடலாம் என்றார் உன் அப்பா. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி நீ கத்தினாய்: "எதுக்குப்பா தள்ளிப்போடணும்? எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் குந்தினு இருக்காங்க. அங்கயே வச்சுடு."

அங்கேயே வைத்தோம். மேலே கோரிக்கை எழுதிய பேனர், கீழே மணையில் நீங்கள் இருவரும். மேளத்துக்கு வழியில்லாததால் தாலி கட்டும்போது சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்டினோம். பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்ற வாட்ச்மேன் கம்பி வழியாகக் கையை நீட்டி அட்சதை போட்டார். "ஃபேக்டரி தொறந்ததும் உள்ள விருந்து வைக்கறேன்" என்று எல்லோரிடமும் சொன்னாய். திறக்கவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உன் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போனார். சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனார். குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. நீ ப்ளவுஸ் தைத்தாய், ஹாஸ்டலில் சமைத்தாய். இவ்வளவும் மகளுக்குத் தெரியும். தெரியாமல் நீ காப்பாற்றியது ஒன்றே ஒன்று. அவள் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம், புதிதாகத் திறந்த இந்த மண்டபத்தில் நீ கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாய். அவளிடம் ஏதோ ஆபீசில் சூப்பர்வைசர் என்று சொல்லிவைத்தாய்.

"அவகிட்ட மூச்சு வுடாதடி. தெரிஞ்சா காலேஜை வுட்டுட்டு வேலைக்குப் போயிடுவா."

"அந்த இடத்துலயேவா போய்ப் பெருக்கணும்? உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"தொறக்கலியேன்னு எவ்ளோ அழுதோம்! இப்ப தொறந்துட்டாங்க. நான் உள்ள போயிட்டேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோதும் நீ அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் பூ அலங்காரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தோடு வந்த ஒரு பெண் நின்று உன் மகளையே பார்த்தாள்.

"நீ எங்க அக்கா பொண்ணா?" என்று தெலுங்கில் கேட்டாள். "அப்படியே அதே மூஞ்சி. அக்கா உன் போட்டோவை போன்ல காட்டிக்கிட்டே இருக்கும். இந்த ஹாலை நானும் அக்காவும்தான் கூட்டுவோம்."

உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மேனேஜரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "அம்மா எங்க உட்காருவாங்க?"

அவள் எங்களை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினாள். சுவரோரம் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாக்கள். பந்தி முடிந்து விருந்தாளிகள் போகும்வரை அங்கேதான் இருக்க வேண்டுமாம். மண்டபத்துக்குள் முகம் காட்டக் கூடாதாம். சாப்பாடும் அதற்குப் பிறகுதானாம். உன் மகள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

ஆட்டோ தார்நாகா தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல பெத்தம்மா?"

"படிப்பை விட்டுடுவேன்னு உங்கம்மா பயந்தா."

"விட்டுத்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல."

"அந்த ஹால் நக்கோ பெத்தம்மா, வேணாம். நான் மேடையில நிக்கறப்ப, சுவத்துக்குப் பின்னாடி யாரோ ஒருத்தி பசியோட உட்கார்ந்திருப்பா."

கல்யாணம் மெட்டுகுடாவில் ஒரு கோயிலில் என்று முடிவாகியிருக்கிறது. தாரை வார்த்துக் கொடுக்க என்னையும் என் வீட்டுக்காரரையும் கேட்டாள். சரி என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் போன் செய்து உன்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாள். பெருக்கும்போது அம்மாவுக்குக் கால் வலித்ததா, மழை நாளில் அங்கிருந்து எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று. தெரிந்ததைச் சொல்கிறேன். நேற்று கேட்டாள்: "அம்மா எனக்காகத்தான் அங்க போனாங்களா? இல்ல, அந்த இடத்தை விட முடியாம போனாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தபோது கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வைகாசியில் நீ உட்கார வேண்டிய மணையில், இந்தக் கேள்வியோடுதான் நான் உட்காரப் போகிறேன்.