காலால் வாசிக்கும் ஆர்கன்

அன்புள்ள ஜின்சி, மாதா துணையால் நான் நலம். அம்மாவின் இருமல் தணிந்ததா?

நான் துப்புரவு செய்யும் தோஹா ஹோட்டலில், ஒரு விருந்தினர் பழைய ஜாஸ் இசைத்தட்டு போட்டிருந்தார். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ், மூன்றே பேர். ஆர்கன்காரர் காலாலும் கட்டைகளை மிதித்து வாசிக்கிறாராம், அந்த விருந்தினர்தான் சொன்னார். நம் முட்டம் மாதா கோயிலில் நான் வாசித்ததும் ஆர்கன்தான். ஆனால் இதைக் கேட்டதும் துள்ளி ஓடத் தோன்றியது. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, காலால் தரையில் தாளம் தட்டியபடி நின்றுவிட்டேன்.

மேற்பார்வையாளர் பொன்னுலிங்கம் அண்ணன் பார்த்துவிட்டார். "ஏலே, பாட்டு கேக்கவா இங்க வந்த?"

அதனால் இப்போது சலவைக்கூடத்தில் வேலை. பயப்படாதே, சூடு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் படுத்தாலும் கால்கள் அடங்குவதில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. பூசையில் என் இடத்தில் வேறு யாராவது வாசித்தால், அதை மட்டும் எழுதாதே. அழைக்கிறார்கள், போகிறேன்.

உன் ரெஜின்