பாஸ்கரன் போட்ட ஊசி

1971 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

டாக்டர் படிப்பை முடித்து என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பாஸ்கரன் கையில் இன்று ஓர் உயிர் போகப் பார்த்தது. காலில் புண்ணோடு வந்த நெசவாளிக்குச் சோதனை ஊசி போட்டுப் பார்க்காமலேயே பென்சிலினைப் போட்டுவிட்டான்.

"டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரரு பேச மாட்டேங்கறாரு!" என்று அவர் மனைவி அலறியதைக் கேட்டுப் பக்கத்து வார்டிலிருந்து ஓடினேன். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அட்ரினலின் போட்டுவிட்டு நாடியைப் பிடித்தபடியே நின்றேன். ஒருவழியாகக் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

"ஏம்பா, டெஸ்ட் பண்ணலியா?" என்றேன்.

"போன வருஷம் போட்டப்ப ஒண்ணும் ஆவலைன்னாரு மேடம். அதான் பொழைச்சிட்டாரே" என்று சிரித்தான்.

இப்படிச் சிரிக்கிறவனை நம்பி எப்படிப் போவது? நாளை நான் வேறொரு வழக்கில் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். திரும்பும்வரை ஆஸ்பத்திரி அவன் பொறுப்பு. வேறு டாக்டர் இல்லை.

விளக்கு வைத்த பிறகு அவனே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"கை நடுங்கினத மறைக்கத்தான் சிரிச்சேன் மேடம். நாளைக்கு என்னைத் தனியா வுட்டுட்டுப் போவாதீங்க."

உட்கார வைத்துச் சாப்பாடு போட்டேன். "சந்தேகம் வந்தா ஊசியைக் கீழ வெச்சிடு. நர்ஸம்மாவைக் கேளு" என்று சொல்லி அனுப்பினேன். தைரியமாகத்தான் சொன்னேன். அவன் போனதும் என்னால் கதவைத் தாழிடக்கூட முடியவில்லை, விரல்கள் அப்படி நடுங்கின.

முதல் பஸ்ஸில் போய், முதல் ஆளாகச் சாட்சி சொல்லிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். அதுவரை யாரும் மோசமான நிலையில் வந்துவிடக் கூடாது, காமாட்சித் தாயே.